அமலிக்கு, வண்டியிலிருந்து

மதுரை
ஜனவரி 22, 2024

சேசு மரி சூசை துணை

அன்பு அமலிக்கு,

அக்கா எழுதுவது. மாதா கிருபையால் நானும் உன் அத்தானும் மாத்திரையும் கையுமாக நன்றாகவே இருக்கிறோம். அந்தச் சிறுமலை அடிவாரக் குளிரில் உனக்குச் சளி பிடிக்காமல் இருந்திருக்காது. சுக்குக் கஷாயம் கேட்டு வாங்கிக் குடி. கேட்பதால் உன் துறவறம் ஒன்றும் கெட்டுவிடாது.

பெரிய செய்தி இருக்கிறது. உன் மடத்தில் போன் பேச முடியாது என்பதால் இத்தனை நாள் நெஞ்சில் வைத்துக்கொண்டு தவித்தேன். உன் அத்தான் வண்டி வாங்கிவிட்டார். முப்பது வருஷம் அரசு பஸ் ஓட்டிய மனுஷன், ஓய்வு பெற்றால் பேப்பரும் ஈஸிசேருமாக இருப்பார் என்று நினைத்தேன். யாரோ பள்ளிக்கூடத்துக்காரர்கள் கழித்துவிட்ட பழைய வேனை ஓட்டிவந்து வாசலில் நிறுத்தி, "பிலோமி, இனிமே இதுதேன் நம்ம வீடு" என்றார்.

சீட்டையெல்லாம் கழற்றிவிட்டுக் கட்டில் போட்டிருக்கிறார். கட்டிலுக்கு அடியில் தண்ணீர் டிரம், அரிசி, பாத்திரம். ஓரத்தில் அடுப்பு, மேலே சின்ன ஃபேன், முன்னால் வேளாங்கண்ணி மாதா. பள்ளிக்கூட மஞ்சளை மாற்றச் சொன்னேன். மாற்றினால் வண்டி கோபித்துக்கொள்ளுமாம். பெங்களூரிலிருந்து நம் ஷெரின் போனில் குதித்தாள். "வெளிநாட்டுல பணக்காரங்க பண்றதும்மா இது!" என்றாள். இவர் போனைப் பிடுங்கி, "ஏன், நம்ம ஓட்டுனா டயரு சுத்தாதாக்கும்?" என்றார்.

ஈஸ்டர் முடிந்ததும் கிளம்பிக் கோடை முழுக்க மதுரையைச் சுற்றியே திரிவது என்று திட்டம். ஊட்டி, கொடைக்கானல் எதுவும் வேண்டாமாம். "இந்த ஊருகள்ல எல்லாம் அஞ்சஞ்சு நிமிசம் நிறுத்தியிருக்கேன் பிலோமி. ஒரு ஊர்லயும் எறங்கி நின்னு பாத்ததில்ல" என்றார். அதைக் கேட்டதும் நான் சரி என்றுவிட்டேன். ஜூலை 16 கார்மேல் மாதா திருநாளன்று, நீ துறவற வார்த்தைப்பாடு கொடுத்த வெள்ளி விழாவுக்கு, உன் மடத்து வாசலில் பயணத்தை முடிக்க வேண்டுமாம். அதற்காகத்தான் மற்ற எல்லாமே என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரே ஒரு கவலை. கொஞ்ச நாளாகப் பக்கத்தில் வைத்த தம்ளரைத் தட்டிவிடுகிறார். கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்கிறார். அடுத்த வாரம் கண் டாக்டரைப் பார்க்கிறோம். அவர் ஓட்டலாம் என்று சொன்னால்தான் பயணம். இந்த மனுஷனிடமிருந்து ஸ்டியரிங்கை வாங்கிவிட்டால் என்ன மிஞ்சும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. வேண்டிக்கொள்.

அன்பு அக்கா,
பிலோமினாள்


சிறுமலை அடிவாரம்
பிப்ரவரி 11, 2024

பாசமிக்க அக்காவுக்கும் அத்தானுக்கும்,

தங்கை அமலோற்பவம் ஆண்டவருக்குள் எழுதுவது. சளி பிடித்தது உண்மை, கஷாயம் கேட்காததும் உண்மை. கேட்காமலே மதர் கொடுத்துவிட்டார். உங்கள் இருவரின் சுகத்துக்காகத் தினமும் வேண்டுகிறேன்.

வண்டிச் செய்தியை வாசித்துவிட்டு ஜெபக்கூடத்தில் சிரிப்பை அடக்கமுடியாமல் இருமுவது போல நடித்தேன். அக்கா, நான் இந்த மடத்துக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? "உசுரோட புதைக்கிறதுக்கா பொண்ணப் பெத்தேன்" என்று அப்பா வீட்டைவிட்டு வரமாட்டேன் என்றார். அம்மா அவரை விட்டு வரவில்லை. நீ ஷெரினைச் சுமந்துகொண்டு படுத்திருந்தாய். அத்தான்தான் லீவு போட்டுக்கொண்டு, காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் என் பெட்டியைத் தூக்கிவந்தார். கதவு சாத்துகிற வரை நின்றார். அந்தக் கதவுக்கு வெளியே நான் கடைசியாகப் பார்த்த முகம் அவருடையதுதான். அப்புறம் வார்த்தைப்பாடு கொடுத்த அன்று உங்களையெல்லாம் பார்த்தேன். அதன் பிறகு வருஷத்துக்கு ஒருமுறை நீங்கள் வந்தாலும், கம்பிக் கிராதிக்கும் கறுப்புத் திரைக்கும் பின்னாலிருந்து பேச்சு மட்டும்தான்.

வெள்ளி விழா அன்று அந்தத் திரையை விலக்குவார்கள், அக்கா. ஒரு மணி நேரம், கிராதி வழியாக, முகத்துக்கு முகம். இங்கே அது வழக்கம். அதற்காக நான் இப்போதிருந்தே காத்திருக்கிறேன் என்று சொன்னால் பாவமா என்று மதரிடம் கேட்டேன். "பாவமில்ல, ஆனா சூப்புல உப்பு போட மறந்துட்ட" என்றார்.

புதன்கிழமை சாம்பல் புதன். ஈஸ்டர் வரை எங்களுக்குக் கடிதம் வராது, போகாது. வந்தாலும் மதர் அலமாரியில் தூங்கும். டாக்டர் என்ன சொன்னார் என்று தெரியாமலே தவக்காலம் முழுக்க அத்தானுடைய கண்ணுக்காக ஜெபிக்கப் போகிறேன். தெரியாமல் ஜெபிப்பதும் எங்கள் தொழில்தானே.

ஆசீருடன்,
அமலி


மதுரை
ஏப்ரல் 1, 2024

அன்பு அமலிக்கு,

உயிர்த்த ஆண்டவர் உனக்கும் உன் மடத்துச் சகோதரிகளுக்கும் எல்லா நலமும் தரட்டும். நேற்று ஈஸ்டர் பலகாரம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது, மற்றபடி இருவரும் சுகம். உபவாசம் இருந்து நீ மெலிந்திருப்பாய். இனியாவது ஒழுங்காகச் சாப்பிடு.

டாக்டரைப் பார்த்தாயிற்று. சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார். காலையும் மாலையும் நான்தான் ஊற்றிவிடுகிறேன். தலையை ஆட்டாமல் இருக்கச் சொன்னால் அப்போதுதான் இவருக்குக் கதை சொல்லத் தோன்றும். பயணம் உண்டு, நாளை கிளம்புகிறோம். சித்திரைத் திருவிழாக் கூட்டம் சேருவதற்குள் ஊரைத் தாண்டிவிட வேண்டும்.

தவக்காலத்தில் இங்கேயும் நிறைய நடந்தது. எல்லாவற்றையும் எழுதினால் விடிந்துவிடும். போகிற ஊர்களில் பங்குச் சாமியார் வழியாகக் கடிதம் போடு. முதலில் அலங்காநல்லூர்ப் பக்கம்.

உன் அக்கா,
பிலோமினாள்


அலங்காநல்லூர்
ஏப்ரல் 15, 2024

அன்பு அமலிக்கு,

வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆனாலும் நாங்கள் இருவரும் குறையில்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

ஒரு தென்னந்தோப்பு ஓரம் வண்டி நிற்கிறது. காலையில் கதவைத் திறந்தால் கரும்புக்காடு. காற்று அடிக்கும்போது அந்தத் தோகை உரசுகிற சத்தத்தில் எனக்குக் காபி போடவே கை வரவில்லை. உன் அத்தான் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். "இந்த ரோட்டுல பத்து வருசம் ஓட்டிருக்கேன். இஞ்சின் சத்தத்துல இதெல்லாம் கேக்கவே இல்ல" என்கிறார்.

தை மாசம் டிவியில் பார்க்கிற ஜல்லிக்கட்டுக் காளை மற்ற மாசமெல்லாம் என்ன செய்யும் என்று நீ யோசித்திருக்கிறாயா? நேற்றுச் சாயங்காலம் தமிழ்வாணி என்று ஒரு காலேஜ் பெண், மலை மாதிரி ஒரு காளையைத் தும்பைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தாள். அது நம் வண்டி ஜன்னலில் தலையை நீட்டி என் கையிலிருந்த வாழைப்பழத்தைத் தோலோடு தின்றுவிட்டு அசையாமல் நின்றது. "பயப்படாதீக அத்தை, இன்னொண்ணு குடுத்தாத்தேன் நகரும்" என்றாள். கொடுத்தேன். அதன் மூச்சு பட்ட கையை ராத்திரி முழுக்கக் கழுவ மனசில்லை.

தேர்தல் பறக்கும் படை வழியில் மறித்தது. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார்கள். அரிசியும் அப்பளமும் இருந்தன. மாதாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

பழக்கதோஷம் மட்டும் போகவில்லை. பஸ் ஸ்டாப் வந்தால் நம் வண்டி நின்றுவிடுகிறது. நின்றால் ஜனங்கள் ஏறிவிடுகிறார்கள். போன வாரம் மூன்று பெண்கள் கூடையோடு ஏறிக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டுத்தான் சுற்றிப் பார்த்தார்கள். "என்னக்கா, பஸ்ஸுக்குள்ள அடுப்பு வச்சிருக்கீக?" என்றாள் ஒருத்தி. இறக்கிவிடலாம் என்று நான் சொன்னதற்கு உன் அத்தான், "ஏறுனவங்கள எறக்கிவிடுறதா? நல்ல கதையா இருக்கே!" என்றார். வாடிப்பட்டி வரை கொண்டுபோய் விட்டோம். போகும்போது ஒரு கூடைக் கத்தரிக்காயைக் கொட்டிவிட்டுப் போனார்கள். மூன்று நாளாகக் கத்தரிக்காய்தான்.

அத்தான் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

பிலோமினாள்


சிறுமலை அடிவாரம்
ஏப்ரல் 28, 2024

அன்பு அக்காவுக்கு,

நலம்தானே? எனக்கு ஒரு குறையும் இல்லை. இங்கே இரண்டு மழை பெய்தது. மலை குளித்துவிட்டு நிற்கிறது.

உன் கடிதத்தைப் பொழுதுபோக்கு நேரத்தில் சத்தமாக வாசிக்க மதர் அனுமதி கொடுத்தார். காளை வாழைப்பழம் தின்றதை மூன்று தடவை வாசிக்கச் சொன்னார்கள். எங்களில் மூத்த சகோதரி ஒருவர், வெளியே கடைசியாக மாட்டுவண்டியில் போனவர், தினமும் சாயங்காலம் "வண்டி இப்ப எங்கிட்டு நிக்கிது?" என்று கேட்கிறார். மன்றாட்டில் உங்கள் டயர்களையும் சேர்த்திருக்கிறோம். டயருக்கெல்லாம் மன்றாட்டா என்று சிரிக்காதே.

உன்னை நினைத்தால் எனக்கு அதிசயமாக இருக்கிறது. விரலில் சாக்பீஸ் தூசி பட்டாலே உடனே கை கழுவுகிற டீச்சர் நீ. இப்போது தென்னந்தோப்பில் குளிக்கிறாய்.

அக்கா, அத்தானின் கண் எப்படி இருக்கிறது? டாக்டர் என்ன சொன்னார் என்று நீ எழுதவே இல்லை. சொட்டு மருந்தோடு நிறுத்திவிட்டாய். உன் உடம்புக்கும் ஒன்றும் இல்லையே?

அமலி


டி. கல்லுப்பட்டி
மே 14, 2024

அன்பு அமலிக்கு,

உன் கடிதம் சாமியார் கையிலிருந்து கிடைத்தது. நாங்கள் சௌக்கியம். எனக்கு இடது முழங்கால் மட்டும் குடைகிறது. வயசாகிவிட்டது, வேறொன்றுமில்லை. தைலம் தேய்க்கிறேன்.

இந்தப் பக்கம் முழுக்கக் கரிசல். அலங்காநல்லூர்ப் பச்சையைப் பார்த்த கண்ணுக்கு முதலில் ஒன்றுமே இல்லாதது போல இருந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் பிடிபட்டது. மறைக்க ஒன்றுமில்லாததால் வானம் முழுசாகத் தெரிகிறது, அமலி. சாயங்காலம் மேற்கே இடி இடித்து, மழை எங்கோ பெய்வதைத் திரை மாதிரி தூரத்தில் பார்க்கலாம். அந்த மண்வாசம் மட்டும் எங்களிடம் வந்து சேரும். பனைமரத்தடியில் நுங்கு வெட்டித் தருகிறார்கள். காந்தி ஆசிரமத்தில் சாயங்காலப் பிரார்த்தனைக்கு எங்களையும் உட்கார வைத்தார்கள். அந்தக் கதர்ப் புடவைப் பெண்களின் அமைதியைப் பார்த்தபோது உன் ஞாபகம்தான். உன் அத்தான் அங்கே வேப்பமரத்துக்கு அடியிலிருந்து எழுந்திருக்க மாட்டேன் என்றுவிட்டார்.

வரும் வழிதான் சோதனை. வேகத்தடைகளுக்குப் பெயிண்டே அடிப்பதில்லை. முன்னால் வைக்கோல் லாரி, வழிவிடமாட்டேன் என்கிறது. பக்கக் கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஒரு தனியார் பஸ் ஒட்டிக்கொண்டு ஹார்ன் அடிக்கிறான். எப்படியோ வந்து சேர்ந்தோம்.

அடுத்து கிழக்கே, கொட்டாம்பட்டிப் பக்கம் போகிறோம். அங்கேயிருந்து நேரே உன்னிடம்தான்.

பிலோமினாள்


சிறுமலை அடிவாரம்
மே 24, 2024

அன்பு அக்காவுக்கு,

இருவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இந்தக் கடிதத்தை யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. உனக்கும் எனக்கும் மட்டும்.

எங்கள் மடத்துக்குச் சாமான் வாங்க, ஜீப் ஓட்டிக்கொண்டு வெளியே போய்வருகிற சகோதரி தமிழ்ச்செல்வியிடம் உன் முழங்காலுக்குத் தைலம் கேட்டேன். "எந்தக் காலு?" என்றார். இடது என்றேன். "டிரைவிங் புதுசாக் கத்துக்கிட்டாங்களா? கிளட்ச் மிதிச்சு மிதிச்சு எனக்கும் ஆரம்பத்துல அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் உன் கடிதங்களை எடுத்து மறுபடி வாசித்தேன். வண்டி நின்ற இடத்தில் எல்லாம் உனக்குக் கரும்பும் பனையும் வானமும் தெரிகிறது. வண்டி ஓடும்போது வேகத்தடையும் லாரியும் தவிர ஒன்றும் தெரியவில்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருகிறவள் பக்கக் கண்ணாடியில் பின்னால் வருகிற பஸ்ஸை எதற்குப் பார்க்கிறாள்?

அக்கா, நீதானே ஓட்டுகிறாய்?

தவக்காலத்தில் நடந்த "நிறைய" அதுதானே? அறுபது வயதில், அத்தனை பெரிய வண்டியை! முதலில் எனக்குச் சந்தோஷத்தில் உடம்பு சிலிர்த்தது. என் அக்கா, பள்ளிக்கூடத்துக்குப் போகும்போதுகூட ரோட்டைக் கடக்க யாராவது துணைக்கு வரவேண்டும் என்பவள். ஓடிப்போய் மதரிடம் சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். பாதி வழியில் கால் நின்றுவிட்டது. நீ ஓட்டுகிறாய் என்றால், அத்தானுக்கு என்ன?

எதுவானாலும் எழுது. தாங்கிக்கொள்வேன்.

அமலி


சிறுமலை அடிவாரம்
ஜூன் 18, 2024

அன்பு அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறாயா? இதைக் கேட்கும்போது இத்தனை பயத்தோடு நான் கேட்டதே இல்லை. உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. மூத்த சகோதரி வண்டி எங்கே என்று கேட்டால், கொட்டாம்பட்டி என்று தினமும் அதையே சொல்கிறேன். நான் கேட்டது தப்பா? தப்பென்றால் திட்டியாவது நாலு வரி எழுது.

அமலி


கொட்டாம்பட்டி
ஜூன் 29, 2024

அன்பு அமலிக்கு,

நீ கேட்டதில் தப்பே இல்லை. நாங்கள் உயிரோடு, உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் இருக்கிறோம். முதலில் அதை நம்பு.

நான்தான் ஓட்டுகிறேன். டாக்டர் கண்ணுக்குள் அழுத்தம் என்றார். ஓரப்பார்வை போய்விட்டதாம், போனது திரும்பாதாம். சொட்டு மருந்து இருப்பதைக் காப்பாற்றத்தான். நடுவில் கொஞ்சம் தெரிகிறது, சுற்றிலும் இருட்டு. "இனி ஸ்டியரிங்கைத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டார்.  மறுநாள் வண்டியை வாங்க ஆள் வந்தது. அந்த ஆளிடம் சாவியைக் கொடுக்க இவர் கை நீட்டியபோது, நடுவில் நான் வாங்கிக்கொண்டேன். ஏன் வாங்கினேன் என்று எனக்கே தெரியாது.

தவக்காலம் முழுக்க, முனீஸ்வரி என்று ஒரு பெண் நடத்துகிற டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொண்டேன். என் பேத்தி வயசுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்றேன். "டீச்சரம்மா, பிரேக்க மிதிங்க, செபமாலைய அப்புறம் உருட்டலாம்" என்று அவள் என்னைப் போடாத போடு இல்லை. லைசென்ஸ் வந்த பிறகு உன் அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து இந்த வண்டியில் பழக்கினார். இஞ்சின் சத்தத்தை வைத்தே "இப்ப ரெண்டு போடு... விடு... மூணு" என்பார். பழக்கத்தில் ஸ்டாப் வந்தால் "ஸ்டாப்பு!" என்று குரல் கொடுப்பார். நானும் பயத்தில் மிதித்துவிடுவேன். அப்படித்தான் கத்தரிக்காய் வந்தது.

உன்னிடம் சொல்லக்கூடாது என்றது அவர்தான். "அவளுக்கு அத்தான்னா டிரைவரு. அது அப்படியே இருக்கட்டும்" என்றார்.

போன மாசக் கடைசியில் நாலுவழிச் சாலையில் ஏறும்போது ஒரு லாரி எதிர்ப்பக்கமாக வந்துவிட்டது. ஸ்டியரிங்கை ஒடித்தேன். வண்டி மண்ணில் இறங்கி நின்றது. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் என் கை நிற்கவில்லை, அமலி. பக்கத்துத் தோட்டக்காரர் சின்னான் டிராக்டர் வைத்து இழுத்துத் தன் மோட்டார் கொட்டகை ஓரம் புளியமரத்தடியில் நிறுத்தித் தந்தார். அன்றிலிருந்து இங்கேயே கிடக்கிறோம். சாவியைப் போட்டாலே கை நடுங்குகிறது.

பஸ்ஸில் போகலாம் என்றேன். உன் அத்தான் வரமாட்டேன் என்கிறார். அதுதான் என்னால் எழுத முடியாமல் இருந்தது. "பொட்டியத் தூக்கிட்டுப் போயி அவள விட்டவன் நான். இப்ப நீ கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி நிறுத்த, தெரைய விலக்கி அவ அதப் பாக்கணுமா? நீ மட்டும் போயிட்டு வா" என்கிறார். எத்தனை சொல்லியும் அசையவில்லை. இந்த மனுஷன் இல்லாமல் நான் மட்டும் எப்படி உன் முன்னால் வந்து நிற்பேன்?

பிலோமினாள்


சிறுமலை அடிவாரம்
ஜூலை 4, 2024

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

உங்கள் அமலி எழுதுவது. கண்ணுக்கு மருந்து தவறாமல் போடுகிறீர்களா? தலையை ஆட்டாதீர்கள். அக்காவிடம் சொல்லி இதை வாசிக்கச் சொல்லுங்கள். அவள் நடுவில் அழுதால் காத்திருங்கள்.

நான் யாரையும் பார்க்காத இடத்தில், யாரும் என்னைப் பார்க்காத இடத்தில் இருக்கிறேன். இருபத்தைந்து வருஷமாக உங்களைக் குரலாகத்தான் தெரியும். ஒரு வருஷம் உங்கள் இருமலைக் கேட்டு, சிகரெட்டை விடவில்லை என்று கண்டுபிடித்தேன். இன்னொரு வருஷம் மூச்சு இளைத்ததை வைத்து, அக்கா சொல்லியும் கேளாமல் வேகமாகப் படியேறி வந்தீர்கள் என்று தெரிந்துகொண்டேன். முகம் தெரியாததால் உங்களில் எனக்கு எதுவும் குறையவில்லை.

அதனால் மதரிடம் ஒன்று கேட்டேன். வெள்ளி விழா அன்றும் திரையை விலக்க வேண்டாம் என்று.  அவர் சரி என்றார். அன்றைக்கும் திரை மூடியே இருக்கும், அத்தான். நீங்கள் யார் கையைப் பிடித்து வந்தீர்கள், எதில் இடித்துக்கொண்டீர்கள் என்று எனக்குத் தெரியவே போவதில்லை. வந்து ஒரு வார்த்தை பேசுங்கள், போதும்.

அக்கா, நீ வண்டியில்தான் வரவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பஸ்ஸில் வா. ஆனால் அந்த லாரிக்கு முன்னால் வண்டியை ஒடித்து என் அத்தானைக் காப்பாற்றியவள் நீ. உன் கை நடுங்கினால் நடுங்கட்டும். அந்தக் கைக்கு முத்தம்.

அமலி


மதுரை
ஜூலை 19, 2024

அன்பு அமலிக்கு,

பத்திரமாக வீடு வந்து சேர்ந்தோம். இருவரும் நலம். முழங்கால்கூட வலிக்கவில்லை. உன் தலையில் வைத்த ரோஜா முடி இன்னும் வாடாமல் இருக்கிறதா?

கடைசியில் ஒரு மணி நேரம் முகத்துக்கு முகம் இருந்தோம். நீ மூன்று தடவை கேட்டாய், "அத்தான் ஏன் ஒண்ணுமே பேசமாட்டேங்கிறீங்க?" என்று. அவர் பதில் சொல்லவே இல்லை. உன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். திரைக்கு இந்தப் பக்கம் நடந்தது உனக்குத் தெரியாதே, அதையும் சேர்த்து எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் புளியமரத்தடியில் வாசித்தேன். நீ சொன்னது போல நடுவில் நின்றேன், அவர் காத்திருந்தார்.  முடித்ததும், "எனக்காக அத விட்டுக்குடுக்குறாளாம்" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சாவிய எடு பிலோமி" என்றார். கை நடுங்குகிறது என்றேன். "நடுங்கட்டும். நான் முத நாளு ஓட்டயில எனக்குக் காலே நடுங்குச்சு. கண்டக்டரு சிரிச்சான். அதுக்காக பஸ்ஸு போகாமயா இருந்துச்சு?" என்றார்.

நாலுவழிச் சாலையை விட்டுவிட்டு நத்தம் வழியாக வந்தேன். இரண்டு பக்கமும் மாந்தோப்பு. இந்த முறை எனக்கு மரமெல்லாம் தெரிந்தது, அமலி! முதலில் கை நடுங்கத்தான் செய்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. மலை வளைவில் திரும்பும்போது உன் அத்தான் "டிரைவரம்மா, நல்லா ஒடிக்கிறீக" என்றார். முப்பத்தைந்து வருஷக் கல்யாண வாழ்க்கையில் இவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

சந்திப்பு அறையில் சகோதரி தமிழ்ச்செல்வி எங்களை உட்கார வைத்தார். திரை மூடியிருந்தது. உள்ளே நீங்கள் பாடுவது கேட்டது. இவர் என்னிடம், "சட்ட கசங்கியிருக்கா?" என்று இரண்டு முறை கேட்டார். பாட்டு நின்றது. "அத்தான்" என்று நீ கூப்பிட்டாய். இவர் எழுந்தார். பெஞ்சில் முழங்காலை இடித்துக்கொண்டார். நான் பிடிக்கப் போனேன். என் கையைத் தட்டிவிடவில்லை, அவரே பிடித்துக்கொண்டார். கிராதியைத் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்து நின்றார். அப்புறம்தான் நீங்களெல்லாம் கேட்டீர்களே அந்தச் சத்தம், ஸ்டாண்டில் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிற குரல்:

"மதரம்மா, தெரைய விலக்குங்க! அவ பாக்கட்டும்!"

திரை போனது. நீ நின்றாய். நான் அழுதேன், நீ அழுதாய், உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். இவர் மட்டும் கல் மாதிரி நின்றார். நீ பேசினாய், கேட்டாய், கெஞ்சினாய். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. எனக்கே கோபம் வந்தது.

திரும்பி வரும்போது நத்தம் தாண்டி வண்டியை ஓரம் கட்டினேன். "ஏங்க, அம்புட்டு ஆசையா இருந்த பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை பேசப்படாதா?" என்று கேட்டேன். இவர் இரண்டு கையையும் குவித்து ஒரு சின்ன வட்டம் செய்து என்னிடம் காட்டினார்.

"எனக்கு இப்ப இம்புட்டுத்தேன் தெரியுது பிலோமி. மரத்தப் பாத்தா ஒரு கெளை. ரோட்டப் பாத்தா நடுக்கோடு. உன் வண்டிகூட இப்ப முழுசாத் தெரியல. ஆனா அவ முகம் இதுக்குள்ள முழுசா இருந்துச்சு. வெளிய ஒண்ணுமே மிச்சமில்ல. வாயத் தொறந்தா தல ஆடிப்போகும், முகம் வெலகிப்போயிருமேன்னு பேசாம நின்னேன்."

உன் அக்கா,
பிலோமினாள்